இடப்பக்கக் கட்டத்தில் போட்ட கையெழுத்து

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதிக்கொள்வது. நீங்களும் என் தங்கையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன். இனி உண்மையை எழுதுகிறேன்.

நேற்று தொலைபேசியில், "மச்சான், கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு. வாயால சொன்னா இறங்காது, எழுத்துல கொடுங்க" என்றீர்கள். முப்பத்தொரு வருடமாக ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் ரிப்பேர் செய்கிறவன் நான். இவ்வளவு நீளமாக எழுதியது பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில்தான், அதுவும் பக்கத்துப் பையனைப் பார்த்து. அதனால் எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் இந்த விஷயம் சரியாகாவிட்டால் ஒரு பெண்ணின் ஒரு வருடப் படிப்பு போய்விடும். என் மானம் ஏற்கெனவே போய்விட்டது, அதற்கு அவசரமில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தீர்கள். உங்கள் தொழிற்கல்விக் கூடத்தில் மாணவர்களை வெளியிடங்களுக்குப் பயிற்சிக்கு அனுப்புகிற பொறுப்பை உங்களிடம் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். "பத்தே வாரம் மச்சான். ஒரே ஒரு பிள்ளை. வகுப்புல படிச்சத உங்க கடையில கையால செஞ்சு பாக்கட்டும். நீங்க பக்கத்துல நின்னாப் போதும்" என்றீர்கள். தங்கை வீட்டுக்காரர் கேட்டு இல்லை என்று சொல்ல எந்த அண்ணனுக்கும் வாய் வராது. எனக்கு அன்றைக்கு அந்த வாயும் காலியாக இல்லை. தலையை ஆட்டினேன். உள்ளதைச் சொன்னால், மனதுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. ஓர் ஆள் சும்மா வருகிறது, கடையைப் பெருக்கும், டார்ச் பிடிக்கும், தேநீர் வாங்கி வரும் என்று நினைத்துக்கொண்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு, பிறகு குத்துகிறது குடைகிறது என்று கத்தப்போகிற ஆள் நான்தான் என்பது அப்போது தெரியவில்லை.

முதல் நாள் காலை எட்டு மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தீர்கள். அந்தப் பெண் ஏழே முக்காலுக்கே வந்து ஷட்டருக்கு முன்னால் நின்றிருக்கிறாள். பத்தொன்பது வயது, நீல நிற வேலை உடுப்பு, கனத்த பூட்ஸ், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையில் தடிமனான ஒரு பச்சைப் புத்தகம். நான் வழக்கம்போல ஒன்பதே முக்காலுக்குக் கீழே இறங்கினேன். வீடு மாடியில், கடை கீழே, இருபத்திரண்டு படி. பலகையில் எட்டு மணி என்று எழுதியிருப்பது கடையின் நேரம், என் நேரம் அல்ல. இது தெருவுக்கே தெரியும். அவள் வணக்கம் சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்து ஏதோ எழுதினாள்.

"என்னம்மா எழுதுற?"

"வந்த நேரம் சார்."

"நேரத்துக்கே வந்துட்டியாமே, நல்ல பழக்கம்."

"என்னோடது அப்பவே எழுதிட்டேன் சார். இது உங்களோடது."

சரி, போகட்டும் என்று, "போய் மூணு டீ வாங்கிட்டு வா" என்றேன். அவள் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் ஒரு சத்தம் போட்டு அடக்கியிருப்பேன். புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, மிகவும் பணிவாக, "இது எத்தனாவது திறன்ல சேரும் சார்? நாப்பத்திரண்டு இருக்கு, எதுலயும் காணோமே" என்றாள். பதினாலு வருடமாக என்னோடு வேலை செய்கிற கொட்டாவி (பெயருக்குக் காரணம் அவனை ஒரு நிமிடம் பார்த்தால் தெரியும்) அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தூக்கம் கலைந்து சிரித்தான். கடைசியில் டீ வாங்கப் போனது யார் என்று கேட்காதீர்கள். எனக்கும் நடக்கத் தெரியும்.

அந்த நேரம் எழுதுகிற பழக்கம் என்னை அரித்துவிட்டது. ஒரு நாளாவது இவளுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்று வைராக்கியம் வந்து, ஒரு புதன்கிழமை ஏழு மணிக்கெல்லாம் குளித்துத் தலைவாரி நின்றேன். என் மனைவி என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ, யாரு செத்துட்டாங்க?" என்றாள். யாரும் சாகவில்லை என்று அவளை நம்பவைத்து, உங்கள் வீட்டுக்கும் அவள் அண்ணன் வீட்டுக்கும் போன் போட்டு எல்லோரும் உயிரோடு இருப்பதை உறுதி செய்து, நான் படியிறங்கும்போது எட்டு பத்து. அன்றைய குறிப்பில் "முன்னேற்றம் தெரிகிறது" என்று எழுதியிருந்தாள்.

புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அச்சடித்தவர் நீங்கள், அனுபவிக்கிறவன் நான். ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை. முதலில் பயிற்றுநர் செய்து காட்ட வேண்டும், பிறகு மாணவர் செய்ய வேண்டும், கீழே நடந்ததைக் குறிப்பாக எழுத வேண்டும், அதற்கும் கீழே இரண்டு கட்டம், இரண்டு கையெழுத்து. மாப்பிள்ளை, நான் வேலை கற்றது என் முதலாளியிடம் முதுகில் வாங்கிய அறையில். தப்பாகச் செய்தால் ஓர் அறை, சரியாகச் செய்தால் அறை கிடையாது. அதுதான் என் சான்றிதழ். ஒரு வேலையை எதற்காக அப்படிச் செய்கிறோம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கொட்டாவிக்குச் சொன்னதில்லை. இவள் ஒவ்வொன்றுக்கும் "ஏன் சார்?" என்கிறாள். திமிரில் கேட்டால் திட்டிவிடலாம், தெரிந்துகொள்ளக் கேட்கிறாள். கம்ப்ரசரைக் கழற்றியதும் ஏன் அதன் குழாய் வாயை அடைக்கிறோம்? "அப்படித்தான்" என்றேன். "காரணம்: அப்படித்தான்" என்று எழுதிக்கொண்டாள். இது தொற்றுநோய் மாப்பிள்ளை. பத்து நாளில் கொட்டாவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏன் மொதலாளி?" என்று ஆரம்பித்துவிட்டான். பதினாலு வருடம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த ஆளை இப்படிக் கெடுத்துவிட்டாள்.

இரண்டாம் வாரம் பதினோராவது திறன்: கருவிகளை அதனதன் இடத்தில் வைத்தல். எங்கள் கடையில் கருவிக்கு இடம் என்று ஒன்று கிடையாது. ஒரு பெரிய தகர டப்பா உண்டு, கையை விட்டால் அன்றைக்கு எது அகப்படுகிறதோ அதை வைத்து வேலை. அவள் சுவரில் ஒரு பலகையை மாட்டி, ஒவ்வொரு ஸ்பேனரையும் வைத்துச் சுற்றிக் கோடு வரைந்து, ஆணி அடித்துத் தொங்கவிட்டாள். ஒன்பதாம் நம்பருக்கும் பதினொன்றாம் நம்பருக்கும் நடுவில் பத்தாம் நம்பருக்கு மட்டும் ஆள் இல்லை. "அது மூணு வருஷமாவே இல்லையே" என்றான் கொட்டாவி. அவள் குத்துமதிப்பாக ஒரு கோடு வரைந்து, அதற்கும் ஆணி அடித்துவைத்தாள்.

அந்த வாரமே ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் வீட்டிலிருந்து அழைப்பு. அவருடைய வாஷிங் மெஷின் ஓடும்போது கடகடவென்று சத்தம் போடும். நான் ஏற்கெனவே நாலு தடவை போய்ப் பார்த்தவன். இரண்டு தடவை பெல்ட்டைக் குறை சொன்னேன், மூன்றாம் தடவை தண்ணீரைக் குறை சொன்னேன், நாலாம் தடவை குறை சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல், "உங்க வீட்டுத் தரை சரியில்லைம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த அம்மா என்னை நம்பி அந்த அறைத் தரையையே பெயர்த்துப் புதிதாகப் போட்டிருந்தார். சத்தம் மட்டும் பழையபடி. இவள், "பின்பக்கத்தைத் தெறக்கலாமா சார்?" என்றாள். திறந்தாள், கையை விட்டாள், எடுத்தாள், முகமெல்லாம் சிரிப்பாக, "சார்! நம்ம பத்தாம் நம்பர்!" என்று அந்த அம்மாவின் முன்னாலேயே கூவினாள். பாவம், அவளுக்குச் சூதுவாது தெரியாது. காணாமல்போனது கிடைத்த சந்தோஷம். டீச்சரம்மா ஸ்பேனரைப் பார்த்தார், புதுத் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கணக்கு டீச்சர் அல்லவா, மூன்றையும் மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அந்தத் தெருவில் யார் கூப்பிட்டாலும், "அந்தப் பொண்ண அனுப்புங்க, நீங்க சிரமப்பட வேண்டாம்" என்கிறார்கள்.

இனி எழுதப்போவதை என் மனைவியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். மூன்றாம் வாரம், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பெரிய ஃப்ரிட்ஜ் ஒன்று. சுவரில் ஏழெட்டு சுவிட்ச், எது எதற்கு என்று எழுதியில்லை. நான் ஒன்றை அணைத்தேன். சட்டைப்பையில் எப்போதும் இருக்கிற டெஸ்டரை எடுத்து உள்ளே வைத்துப் பார்த்தேன். அதன் சின்ன விளக்கு எரியவில்லை. எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை. கையை உள்ளே விடப் போனேன்.

"சார், ஒரு நிமிஷம். முதல்ல டெஸ்டரை டெஸ்ட் பண்ணணும். கரண்ட் இருக்கிற எடத்துல வச்சு எரியுதான்னு பாக்கணும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீ பொறக்கறதுக்கு முன்னாடிலேருந்து இந்தத் தொழில்ல இருக்கேன்" என்று சொல்லி, அவளுக்குப் பாடம் புகட்டவே, பக்கத்தில் கரண்ட் இருந்த ஒரு பிளக் பாயிண்டில் டெஸ்டரைச் செருகிக் காட்டினேன். எரியவில்லை. வேறொன்றில் செருகினேன். எரியவில்லை. அவள் தன் பையிலிருந்து மீட்டரை எடுத்து ஃப்ரிட்ஜின் உள்ளே வைத்தாள். இருநூற்று முப்பது வோல்ட் காட்டியது. நான் அணைத்தது வேறு எதன் சுவிட்சையோ. கொட்டாவி மெதுவாகச் சொன்னான், "மொதலாளி, போன மழைல இது தண்ணித் தொட்டில விழுந்துச்சே, அப்பவே செத்துருக்கும்." அப்படியென்றால் ஏழெட்டு மாதமாக, செத்துப்போன அந்த டெஸ்டரை நம்பித்தான் நான் கையை விட்டுக்கொண்டிருந்தேன், கொட்டாவியையும் விடச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவனுக்கு இரண்டு குழந்தைகள். திரும்பி வரும்போது அவள் பேருந்தில் உட்கார்ந்து அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டு வந்தாள்.

வினை வந்தது நாலாம் வாரக் கடைசியில். புத்தகத்தை வாங்கிப் போக உங்கள் அலுவலகத்திலிருந்து ஆள் வந்துவிட்டார். அதுவரை ஒரு பக்கத்தில்கூட நான் கையெழுத்துப் போடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தேன். ஆள் வாசலில் நிற்கிறார், மூக்குக்கண்ணாடி எங்கே என்று தெரியவில்லை. எங்கள் கடையில் காகிதத்துக்கு என்ன மரியாதையோ அதே மரியாதையோடு, புரட்டுவதும் போடுவதுமாக இருபத்தாறு பக்கம் முடித்தேன். அத்தனையும் இடப்பக்கக் கட்டத்தில்.

"சார், அது மாணவர் கையெழுத்துப் போடுற எடம்" என்றாள்.

"அடடா, தப்பாயிடுச்சே" என்று நான் அப்போதே சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. ஆனால் டெஸ்டர் விஷயத்தில் மூக்கு உடைந்து பத்து நாள்கூட ஆகவில்லை. இன்னொரு தடவை உடைய மூக்கில் இடமில்லை. "எந்தக் கட்டமா இருந்தா என்ன? கையெழுத்து கையெழுத்துதான். நீ மிச்சக் கட்டத்துல போடு" என்றேன். அவள் தயங்கினாள். புத்தகத்தைப் புரட்டி, "மூணாவது திறன், மேற்பார்வையாளர் சொல்றபடி நடத்தல்" என்று தனக்குத்தானே படித்துக்கொண்டு, வலப்பக்கத்தில் போட்டாள்.

நேற்று காலை இரண்டு உறைகள் வந்தன. அவளுடையதில், "மாணவரிடம் காட்டிய பொறுமைக்காகவும் நேர்மையான குறிப்புகளுக்காகவும்" சிறந்த பயிற்றுநர் என்று ஒரு பாராட்டுப் பத்திரம். என்னுடையது "அன்புள்ள மாணவருக்கு" என்று ஆரம்பித்தது. இருபது நாளில் இருபது நாளும் தாமதம், மின்பாதுகாப்பில் தேர்ச்சி இல்லை, ஆகவே வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலருடன் நேரில் வர வேண்டும். எனக்கு ஐம்பத்தேழு வயது. கொட்டாவி அதை உரக்கப் படித்தான். தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள்.

இத்தோடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அவள் அந்தப் பாராட்டுப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். பாராட்டு வாங்கி அழுத ஆளை நான் பார்த்ததில்லை. பயிற்றுநர் என்று பதிவானதால், மாணவராக அவள் செய்த பயிற்சி நேரம் சுத்தமாகப் பூஜ்யம். வெள்ளிக்கிழமையோடு முதல் பாதிக்கான பதிவேட்டை மூடிவிடுவார்களாம். பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றால் இந்த வருடம் தேற மாட்டாள். அவள் அம்மா ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறார். அங்கே ஆள் உயரத்துக்கு மெஷின்கள். ஒன்று நின்றுபோனால், மெக்கானிக் வருகிறவரை ரத்தக்கறை படிந்த விரிப்புகளையெல்லாம் அந்த அம்மாவும் கூட இருப்பவர்களும் கையால் துவைக்க வேண்டும். அந்த மெஷின்களைப் பார்த்துக்கொள்ளத்தான் இவள் இந்தப் படிப்பிலேயே சேர்ந்திருக்கிறாள். இந்த வருடம் சான்றிதழோடு வந்தால் வேலை தருகிறோம் என்று அங்கே சொல்லிவைத்திருக்கிறார்கள். இதெல்லாம் எனக்கு நேற்றுத்தான் தெரியும். ஆறு வாரமாக அவள் என்னிடம் ஆயிரம் "ஏன்" கேட்டாள். நான் அவளிடம் ஒரு "ஏன்" கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

உடனே உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னதை ஓர் எழுத்து மாறாமல் எழுதுகிறேன். "மச்சான், கட்டம் மாறிப்போச்சுன்னு நீங்க சொல்றீங்க. ஆனா குறிப்பெல்லாம் படிச்சா, யாரு மாணவர்ங்கறதுல எங்களுக்குச் சந்தேகமே வரலையே." தங்கை வீட்டுக்காரர் என்பதால் போனை மெதுவாக வைத்தேன்.

ஆகவே எழுத்துமூலமாகத் தெரிவிப்பது என்னவென்றால்: கடையின் முதலாளி நான். பயிற்றுநர் நான். தாமதமாக வந்தது, கரண்ட் இருக்கிற இடத்தில் கையை விடப் போனது, ஸ்பேனரை அடுத்தவர் மெஷினுக்குள் விட்டுவிட்டு அவர் வீட்டுத் தரையைப் பழித்தது, காரணம் கேட்டால் "அப்படித்தான்" என்றது, எல்லாமே பயிற்றுநர். மாணவர் அவள். இருபத்தாறு திறனையும் அவள் செய்தாள், நான் பக்கத்தில் நின்றேன். அவளுடைய நேரத்தை அவள் கணக்கில் சேர்க்கவும்.

இதை எழுதிக் கையெழுத்துப் போடுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. முப்பத்தொரு வருடமாக இந்தத் தெருவே என்னை மாஸ்டர் என்று கூப்பிடுகிறது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். நீங்கள் ஓர் ஆளை அனுப்பி, என் முதுகை எனக்கே பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டிவிட்டீர்கள். எனக்குத் தெரியும் என்று நினைத்ததில் பாதி எனக்குத் தெரியாது. மீதிப் பாதி இத்தனை நாள் ஏதோ புண்ணியத்தில் ஓடியிருக்கிறது. இந்த வயதில் இனி எதைக் கற்று எதைத் திருத்த? மிச்சமிருக்கிற நாலு வாரத்துக்கு அவளை வேறு நல்ல இடத்தில் சேர்த்துவிடுங்கள். சான்றிதழ் உள்ள முதலாளி, எட்டு மணிக்கு வருகிற முதலாளி, டெஸ்டர் எரிகிற முதலாளி யாராவது இருப்பார். இனி எந்த மாணவரையும் என் கடைப் பக்கம் அனுப்பாதீர்கள். உங்கள் மாணவர் பட்டியலிலிருந்து என் பெயரை இன்றைக்கே அடித்துவிடுங்கள். வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். ஆனால் நான் விழுங்கி முடித்த பிறகு பேசுங்கள்.

தங்கைக்கு என் ஆசி. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். படித்ததை என் கடைக்கு வந்து செய்து பார்க்காமல் இருக்கட்டும். நீண்ட ஆயுளோடும் குறைந்த மாணவர்களோடும் நீங்கள் வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மச்சான்
(வலப்பக்கத்தில்தான் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்)

பின்குறிப்பு: கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு உறையை ஒட்டப் பசை தேடிப் போனேன். ஐந்து நிமிடம்கூட இருக்காது. திரும்பி வந்தால் என் மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கையில் டெஸ்டர் விஷயம் இருக்கிற தாள். படித்து முடித்தாள், மடித்து வைத்தாள், என்னைப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கடை வாசலில் அந்தப் பெண்ணின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. மேலே வந்தவள், "காலைல படியிறங்கிப் போற மனுஷன் சாயங்காலம் ஏறி வருவாருன்னு நம்பித்தான் முப்பது வருஷமா அடுப்பு பத்த வைக்கிறேன். அந்தப் பிள்ளைய வேற எடத்துக்கு அனுப்பப் போறீங்களா? அனுப்பிப் பாருங்க" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள்.

பின்னாலேயே அந்தப் பெண்ணும் வந்து நின்றாள். "போகச் சொன்னாப் போறேன் சார். ஆனா முதல் திறன் மின்பாதுகாப்பு, அதையே நீங்க இன்னும் முடிக்கலையே" என்றாள். நீங்க என்றுதான் சொன்னாள். கீழே கூட்டிப் போனாள். கருவிப் பலகையில் பத்தாம் நம்பர் ஸ்பேனருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கோடு, ஓர் ஆணி, அதில் ஒரு புது டெஸ்டர். கொட்டாவி வாங்கி வந்தானாம். எடுத்து, கரண்ட் இருக்கிற பாயிண்டில் முதலில் வைத்துப் பார்த்தேன். எரிந்தது மாப்பிள்ளை.

அதனால், மேலே எழுதியதில் அவள்தான் மாணவர், அவள் நேரம் அவளுக்கே என்கிற வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடித்துவிடுங்கள். மிச்ச நாலு வாரமும் அவள் இங்கேயே இருக்கட்டும். என் பெயரும் மாணவர் பட்டியலிலேயே இருக்கட்டும்; வேலை செய்கிறவர்களுக்கு மாலை வகுப்பு உண்டு என்று சொல்கிறாள். கொட்டாவிக்கும் இடமிருக்குமா என்று பாருங்கள். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவது அவன்தான்; உங்கள் வாசலில் தூங்கிவிட்டிருப்பான், எழுப்பிக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னீர்கள், ஒன்பதே முக்காலுக்கே வந்துவிடுகிறேன். பாதுகாவலராக என் மனைவி வருகிறாள். அந்தப் பெண் கொடுத்த மாலை வகுப்புச் சேர்க்கைப் படிவம் இத்துடன் இருக்கிறது. என் மனைவி முழுவதும் படித்துப் பாதுகாவலர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். என்னுடையது இடப்பக்கம். இந்தத் தடவை கண்ணாடி போட்டுப் பார்த்துத்தான் போட்டேன்.